ஏழுக்கடுத்தது

எட்டு என்ற சொல்லை வாயால் சொல்லாத ஒரு கடையில் நான் டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்தேன். அருப்புக்கோட்டையில் நூல் கமிஷன் மண்டி. முன்பக்கம் ஆபீஸ், நடுவில் நூல் பேல்கள் அடுக்கிய கிட்டங்கி, அதற்குப் பின்னால் முதலாளியின் வீடு. பேல் எண்ணும்போது ஒன்றுக்கு 'லாபம்' என்பார்கள். அது எல்லாக் கடையிலும் உண்டு. எங்கள் கடையில் ஏழு வந்ததும் எண்ணுகிற ஆள் கொஞ்சம் நிறுத்தி, 'ஏழுக்கடுத்தது' என்று சொல்லிவிட்டு ஒன்பதுக்குத் தாவுவான். அட்டமி ஆகாது, அதனால் எட்டும் ஆகாது. முதலாளியின் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். பாலவனத்தத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய முதல் நாள் காலையில், மணி என்ன என்று கணக்கப்பிள்ளை கேட்டார். எட்டேமுக்கால் என்றேன். அதற்கு அவர் என்னை முறைத்த முறைப்பு இன்னும் மறக்கவில்லை.

"ஏ புள்ள, இங்க அந்தப் பேச்சு ஆகாது. ஒம்பதுக்குக் கால் மணி இருக்குன்னு சொல்லு" என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. அன்றைக்கே அவருக்கும் எனக்கும் ஆகாமல் போனது.

தொண்ணூறுகளின் நடுவில் சின்ன முதலாளி, அதாவது முதலாளியின் ஒரே மகன், மதுரையிலிருந்து ஒரு இன்டர்காம் பெட்டியை வாங்கி வந்து மாட்டினார். அதற்கு முன் ஆபீஸில் ஒரு போன், வீட்டில் ஒரு போன், நடுவில் ஓடி ஓடிக் கூப்பிட ஒரு ஆள். இந்தப் பெட்டி வந்தபின் ஆபீஸ், கிட்டங்கி, வீட்டு மாடி, அடுப்படி என்று எல்லா இடத்திலும் போன். பதினொன்றிலிருந்து பத்தொன்பது வரை நம்பர். ஒன்பதை அழுத்தினால் ஆபரேட்டர், அதாவது நான். பூஜ்யத்தை அழுத்தினால் வெளி லைன். என் மேசையில் இருந்த பெரிய போனில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டிஸ்பிளே. உள்ளேயிருந்து யார் கூப்பிட்டாலும் அவர்கள் நம்பர் அதில் வரும். எந்த லைனில் யார் வெளியே பேசுகிறார்கள் என்பதும் அதிலேயே தெரியும். லைன் பிஸியாக இருந்தால் சிவப்பு விளக்கு எரியும்; பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் பேசுகிறவரின் நம்பர் வந்துவிடும்.

மதுரை இன்ஜினியர் பதினெட்டாம் நம்பரை வீட்டுக்குள் ஓர் இடத்துக்குக் கொடுக்கப் போனபோது முதலாளி தடுத்துவிட்டார். பெட்டியில் அந்த ஒரு துவாரம் மட்டும் காலியாகவே கிடக்கட்டும் என்றார். சின்ன முதலாளி சிரித்தார்.

"நம்பர்ல என்னப்பா இருக்கு? யாருக்கும் வேண்டாட்டி எனக்குக் குடுங்க. ஒருத்தனும் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ண மாட்டான்."

முதலாளி காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். நான் சொல்வது மிகையில்லை. உண்மையாகவே இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டுதான் போனார்.

சின்ன முதலாளிக்கு ஒயர், ஸ்குரூ டிரைவர் என்றால் சோறு தண்ணி வேண்டாம். பெட்டிக்கு எப்படி ஆணை கொடுப்பது, எந்த போனுக்கு வெளி லைன் உண்டு, எதற்கு இல்லை என்று எப்படி அமைப்பது, எல்லாவற்றையும் இன்ஜினியரிடம் கேட்டு எனக்கும் சொல்லித் தரச் செய்தது அவர்தான். ஒவ்வொன்றுக்கும் மதுரையிலிருந்து ஆள் வர வேண்டுமா என்பார். அவருடைய மகள் அப்போது பள்ளிக்கூடம் போகாத வயது. மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்தபின் என் மேசையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ரிசீவரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "அலோ, நான்தேன்" என்று யாரோடோ நெடுநேரம் பேசும். அந்நேரம் சின்ன முதலாளி எங்கிருந்தாலும் ஒன்பதை அழுத்தி, ஒன்றும் பேசாமல் மூச்சை மட்டும் விடுவார். நான் ரிசீவரைப் பிள்ளையின் காதில் வைப்பேன். அது மூச்சைக் கேட்டே "அப்பா!" என்று கத்தும். இது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு.

அவர் காரியாபட்டிக்குப் பக்கத்தில் லாரி மோதி இறந்துபோனார்.

அதன்பின் நடந்தவை எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்ல நான் யார், கடையில் சம்பளத்துக்கு இருந்தவள்தான். ஆனாலும் பிடிக்கவில்லை. அந்த வீட்டு வழக்கப்படி மருமகளை மூலையில் உட்கார வைத்தார்கள். புருஷனோடு இருந்த அதே அறையில் ஜன்னலை அடைத்து, ஆண்கள் கண்ணில் படாமல், வாசல் பக்கம் வராமல், வருஷம் திரும்பும்வரை இருக்க வேண்டும். கட்டுக்கழுத்தியும் கன்னிப்பெண்ணும் அவள் முகத்தில் முழிக்கக் கூடாது என்பதால் எனக்கும் அந்தப் பக்கம் போக அனுமதி இல்லை. பிள்ளை இருந்தால் தாயின் மனசு அடங்காது, அப்பனையும் கேட்டு அழும் என்று அதைத் திருச்சுழிக்கு, மருமகளின் பிறந்த வீட்டுக்கு, அனுப்பிவிட்டார்கள். காரில் ஏற்றும்போது அது அழவில்லை. என் மேசையைப் பார்த்துக் கையை மட்டும் காதில் வைத்துக் காட்டியது. போன் பேசு என்று அர்த்தம். நான் பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

மறுநாள் கணக்கப்பிள்ளை வந்தார். "வீட்டுல எந்தப் போன்லயும் வெளி லைன் வேண்டாம்னு முதலாளி சொல்லிட்டாக. மருமக பெறந்த வீட்டுக்குப் பேசிப் பேசி அழுதுக்கிட்டே இருக்குமாம். நம்பரச் சொல்றேன், அடைச்சு விடு."

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் ஒவ்வொன்றாக அடைத்தேன். பதினேழு முடிந்ததும் வழக்கம்போல் நிறுத்திப் பத்தொன்பதுக்குத் தாவினார். காலியாகக் கிடக்கிற துவாரத்தை அடைத்தால் என்ன, அடைக்காவிட்டால் என்ன. நானும் தாவிவிட்டேன். மருமகள் அறையில் இருந்த போனைக் கையோடு பிடுங்கிவந்து கிட்டங்கியில் போட்டார்கள்.

பங்குனி வெயில் தொடங்கியிருந்தது. மத்தியானமானால் தெருவில் ஈ காக்கை இருக்காது. முதலாளி முன்னறையில் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடப்பார். ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். அப்படி ஒரு மத்தியானம் என் போன் அடித்தது. டிஸ்பிளேயில் 18 என்று வந்தது.

முதலில் எனக்கு உறைக்கவில்லை. எடுத்து "சொல்லுங்க" என்றேன். பேச்சு இல்லை. மூச்சு மட்டும் கேட்டது, சீராக, அவசரமில்லாமல். யாரையோ எதிர்பார்த்துக் காத்திருக்கிற மூச்சு. "யாருங்க?" என்று கேட்டுக்கொண்டே டிஸ்பிளேயைப் பார்த்தபோதுதான் எந்த நம்பர் என்று புரிந்தது. ரிசீவரைப் போட்டுவிட்டேன்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். அதே நேரம், அதே மூச்சு. மதுரை இன்ஜினியர் வேலையை விட்டுப் போய்விட்டதால் அவருக்குப் பதிலாக வந்தவரிடம் போனில் கேட்டேன். "எலி ஒயரைக் கடிச்சிருக்கும்மா. ரெண்டு ஒயரும் ஒட்டிக்கிட்டா பெட்டி தானாவே ஆபரேட்டரைக் கூப்பிடும்" என்றார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. ஆனால் எலி கடித்த ஒயர் மூச்சு விடுமா என்று கேட்க வாய் வரவில்லை. பைத்தியம் என்று நினைத்துவிடுவார்.

ஒருநாள் கணக்கப்பிள்ளை டிஸ்பிளேயைப் பார்த்துவிட்டார். ஆள் சுவரோடு ஒட்டிக்கொண்டார். "சின்னவுகதான். எனக்குக் குடுங்கன்னு கேட்ட நம்பருல்ல அது" என்று முணுமுணுத்தார். சாயங்காலத்துக்குள் கடை முழுக்கத் தெரிந்துவிட்டது. லோடுமேன்கள் கிட்டங்கிக்குள் தனியாகப் போக மறுத்தார்கள். கணக்கப்பிள்ளை எங்கிருந்தோ ஒரு எலுமிச்சம்பழத்தை மந்திரித்து வாங்கிவந்து பெட்டிமேல் வைத்தார். சூடம் வேறு கொளுத்தப் போனார். பிளாஸ்டிக் உருகினால் உங்கள் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள் என்று நான் சொன்னபின் சூடத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

முதலாளி மறுநாள் மத்தியானம் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மகன் போனபின் அவர் யாரோடும் நின்று பேசியதில்லை. போன் அடித்தது. டிஸ்பிளேயைப் பார்த்தார்.

"அது எது?"

"ஏழுக்கடுத்தது முதலாளி."

அவர் கையை நீட்டினார். ரிசீவரை வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். வாங்கவில்லை. மணி அடித்து ஓயும்வரை கை அப்படியே நின்றது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இதை அடக்கிப் போடு தாயி. இல்லாட்டி பெட்டியையே தூக்கி வெளிய போட்டுருவேன். இந்த வீட்டுக்கு இது வந்ததுலருந்து விடிவே இல்ல."

பெட்டி வெளியே போனால் அதன் பின்னாலேயே நானும் போக வேண்டியதுதான். என் அப்பா தறியில் உட்கார முடியாமல் முதுகு போய்ப் படுத்திருந்தார். என் வேலை இருந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். ஆகவே அடக்கித்தான் ஆக வேண்டும். அது பெரிய வித்தையும் இல்லை, பெட்டிக்குள் நுழைந்து பதினெட்டை அழித்துவிட்டால் முடிந்தது. ஆனால் எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. என்னைப் பயமுறுத்துகிறவரை யாரென்று பார்க்காமல் விட மாட்டேன். எல்லோரும் அது கூப்பிடுகிறது என்றே நடுங்கினார்களே தவிர, அதைத் திருப்பிக் கூப்பிட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அந்த நம்பரை அழுத்துவதும் அதைச் சொல்வது மாதிரிதானே அவர்களுக்கு.

வியாழக்கிழமை மத்தியானம், கணக்கப்பிள்ளை சாப்பிடப் போனபின், ஒன்று, எட்டு என்று அழுத்தினேன்.

என் காதில் மணி போனது. கூடவே, கிட்டங்கிக்கு அந்தப் பக்கம், வீட்டுக்குள் எங்கேயோ, மெதுவாக ஒரு மணி அடித்தது. துணிக்குள் பொதிந்துவைத்த மாதிரி சத்தம். ரிசீவரை வைக்கவில்லை. மணி நின்றது. யாரோ எடுத்தார்கள்.

"யாரு?" என்றேன்.

"அக்கா..." ஒரு பெண் குரல், ரகசியமாக. "டெலிபோன் அக்காவா?"

மருமகள்.

பயம் போன வேகத்தில் எனக்குக் கோபம் வந்தது. "ஏம்மா, நீங்கதானா? எத்தனை நாளா இப்படி மூச்சுவிட்டு மூச்சுவிட்டு என்னைக் கொன்னீங்க? வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா?"

"நான் கூப்பிடவே இல்லையேக்கா" என்றாள். "இப்படி ஒரு போனு இங்க இருக்கிறதே இப்ப மணி அடிச்சபெறகுதேன் ஞாவகம் வந்துச்சு. அவுக அலமாரிக்குள்ள, சட்டைக்குப் பின்னால வச்சிருக்காக. நானே மாட்டுனேன், அப்பாட்ட சொல்லிராதன்னு சொன்னாக. யாரும் கூப்பிடாத நம்பராம்."

பயத்தில் பொய் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். நான் முதலாளியிடம் சொல்லிவிடுவேன் என்று பயம். பாவம், சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு கேட்டாள்: "அக்கா, இதுலருந்து வெளிய பேச முடியுமா? பிள்ளை சரியா சாப்பிட மாட்டேங்குதாம். ஊருலருந்து வந்தவுக சொன்னாக. ஒரு தடவை குரலை மட்டும் கேட்டுட்டு வச்சுருவேன். நான் பேசக்கூட மாட்டேன்க்கா."

எல்லாப் போன்களையும் அடைத்தபோது அந்த ஒன்றை மட்டும் தாவிவிட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டைச் சொல்லக் கூடாது என்ற அவர்கள் பயமே அவளுக்கு ஒரு வழியைத் திறந்து வைத்திருந்தது.

"ஜீரோவை அழுத்துங்க. சத்தம் மாறும். பெறகு ஊரு நம்பரை அடிங்க" என்றேன். "பேசாம இருக்காதீங்க. நல்லா பேசுங்க."

முதல் லைனின் சிவப்பு விளக்கு எரிந்தது. டிஸ்பிளேயில் 18. நான் அதைக் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கணக்கப்பிள்ளை ஏப்பம் விட்டுக்கொண்டு வரும்வரை விளக்கு அணையவில்லை.

அன்று சாயங்காலம் பெட்டிக்குள் நுழைந்து பதினெட்டை அழிக்கவில்லை. அதன் நம்பர் டிஸ்பிளேயில் தெரியாதபடி மட்டும் செய்தேன். வெளி லைன் அப்படியே இருந்தது. இனி அந்தப் போனிலிருந்து யார் எங்கே பேசினாலும் விளக்கு எரியும். பொத்தானை அமுக்கினால் நம்பர் வராது, வெற்றுத் திரைதான் வரும். யாராவது கேட்டால் மில்லுக்குப் போட்ட கால் என்று சொல்லிக்கொள்ளலாம். மாட்டினால் என் வேலை போகும். அந்தப் பிள்ளை காதில் கை வைத்துக் காட்டியது நினைவுக்கு வந்ததும் வேலையாவது ஒன்றாவது என்று தோன்றிவிட்டது.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். "அடக்கிட்டேன் முதலாளி" என்றேன். அந்த நேரம் தாண்டும்வரை என் மேசை முன்னாலேயே நின்றார். மணி அடிக்கவில்லை. அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். தெளியவில்லை.

"இனி வராதுல்ல?" என்றார்.

"வராது முதலாளி."

தலையை ஆட்டிவிட்டு, எதையோ கைதவறிப் போட்டுவிட்டவர் மாதிரி நின்று, பிறகு போய்விட்டார். கணக்கப்பிள்ளைக்கோ எல்லாம் தன் எலுமிச்சம்பழத்தின் மகிமை என்று ஒரே பெருமை. நான் மறுக்கவில்லை.

அதன்பின் அந்த மூச்சு வரவே இல்லை. அதற்குப் பதிலாகத் தினமும் மத்தியானம் விளக்கு எரியும். வெற்றுத் திரை. நான் காவல் இருப்பேன். முதலாளி நாற்காலியில் கிடப்பார். பிள்ளை சாப்பிடத் தொடங்கிவிட்டதாக ஒருநாள் நான் கூப்பிட்டபோது மருமகள் சொன்னாள்.

வருஷம் திரும்பியது. மூலை கழிந்ததும் அவளுடைய அண்ணன்மார் கார் கொண்டுவந்து கூட்டிப்போனார்கள். இனி அங்கேதான் இருப்பாள் என்று பேசி முடிவாகியிருந்தது. ஏறுவதற்கு முன் என் மேசைக்கு வந்தாள். ஒரு வருஷத்துக்குப் பின் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். வெயில் படாத முகம். கையிலிருந்த துணிப்பையை லேசாக விரித்துக் காட்டினாள். உள்ளே, சட்டைகளுக்கு நடுவில், ஒரு சிவப்பு போன், ஒயர் சுற்றி வைத்தது.

"அவுக வாங்குனது. இருக்கட்டும்னு எடுத்துட்டேன்" என்றாள். பிறகு குனிந்து, "ஒங்கிட்டப் பொய் சொல்லுவனாக்கா? அந்த மூச்சு நான் இல்லக்கா" என்றாள்.

கார் போனதும் முதலாளி அந்த அறையைத் தானே பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார்.

மறுநாள் மத்தியானம் முதல் லைனின் விளக்கு எரிந்தது.

பொத்தானை அமுக்கினேன். வெற்றுத் திரை. மற்ற எந்தப் போனாக இருந்தாலும் நம்பர் வந்திருக்கும். நம்பர் வராதபடி நான் செய்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். அதில் இப்போது போன் இல்லை. அறை பூட்டியிருந்தது. சாவிக்குச் சொந்தக்காரர் எனக்கு எதிரே சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தார். ஒயர் ஒட்டிக்கொண்டால் பெட்டி ஆபரேட்டரைத்தான் கூப்பிடும். எலி வெளி லைன் எடுத்து நம்பர் அடிக்காது.

அடுத்தவர் பேச்சுக்குள் புகுந்து கேட்கிற வசதி என் போனில் இருந்தது. அதுவரை அதைத் தொட்டதில்லை. அன்று தொட்டேன்.

"அலோ, நான்தேன்" என்றது பிள்ளை. திருச்சுழி வீட்டில் ஒரு சேவல் கூவுவது கேட்டது. "அம்மா வந்துருச்சு. செவப்புப் போனு கொண்டாந்துருக்கு." கொஞ்சம் நிறுத்தியது. இந்தப் பக்கத்திலிருந்து மூச்சு மட்டும் வந்தது, சீராக, அவசரமில்லாமல். பிள்ளை சிரித்தது. "சோறா? சாப்புட்டேனே. முட்டையும் சாப்புட்டேன்." மறுபடி நிறுத்தியது. யாரோ கேட்பதற்கு இடம் விட்டு, கேட்டபின் பதில் சொல்கிற பேச்சு.

நான் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டேன். பெட்டிக்குள் நுழைந்து பதினெட்டை அழிக்க ஒரு நிமிஷம் போதும். கை அந்தப் பக்கம் போகவும் செய்தது.

"யாரு லைன்ல?"

முதலாளி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சிவப்பு விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நாளாகப் பார்க்கிறாரோ, எனக்குத் தெரியாது. மில் கால் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அவர் எழுந்து வந்தார். வெற்றுத் திரையைப் பார்த்தார். அரைஞாணில் இருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"பதினெட்டா தாயி?" என்றார்.

அவர் வாயால் அந்தச் சொல் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வெட்டிறாத" என்றார். "பேசட்டும்."